குறை சொல்லாத மூன்று அமாவாசை

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளித் தோட்டம் வைத்திருந்த சென்னிமலைக் கவுண்டருக்கு வாழ்க்கையில் எந்தக் குறையும் இல்லை. வற்றாத கிணறு, இரண்டு சோடி எருது, பாடுபட அஞ்சாத மனைவி ஆத்தாயி. இவ்வளவும் வாய்த்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது! அவருக்குக் கடைசல் சங்கத்தில் சேர வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். ஐந்து பேர் ஆசாரிகள், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் மரக்கடைக் காளியண்ணன். கட்டில் கால், மத்து, பம்பரம், குங்குமச் சிமிழ் என்று மரத்தில் உருட்டிக் கடையக்கூடிய எதையும் விடமாட்டார்கள். அமாவாசையன்று தொழில்காரர்கள் உளியைத் தொடுவதில்லை என்பதால் அன்று சாயங்காலம் காளியண்ணன் கடையின் பின்கட்டில் கூடுவார்கள். கொல்லிமலையிலிருந்து வந்த பாலை மரத்தை அறுத்துப் பங்கு வைத்துக்கொள்வார்கள். திருச்செங்கோட்டுத் தேருக்கு எல்லோரும் ஒரே வண்டியில் போய்க் கடை விரிப்பார்கள். ஒருவர் வீட்டில் கலியாணம் என்றால் சங்கத்தின் சார்பில் ஒரு தொட்டில் போகும். அதைப் பந்தலிலேயே கொடுப்பார்கள். மாப்பிள்ளை நெளிவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு அத்தனை சந்தோசம்.

ஆனால் சங்கத்தின் முக்கிய வேலை குறை சொல்வதுதான். ஒவ்வொருவரும் அந்த மாதம் கடைந்ததில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அது வட்டமாகக் கை மாறிப் போகும். கையில் வாங்கியவர் குறையை மட்டுமே சொல்லலாம், பாராட்டக் கூடாது. குறை தென்படாவிட்டால் பேசாமல் அடுத்த கைக்குக் கொடுத்துவிட வேண்டும். புதிதாகச் சேர விரும்புகிறவர் ஆடி அமாவாசைக்கு ஒரு சிமிழ் கடைந்து கொண்டுவந்து, "இது என் கை வேலைங்க" என்று சொல்லி வைக்க வேண்டும். மூடியைப் பிடித்துத் தூக்கினால் அடியும் கூடவே எழும்ப வேண்டும். இரண்டு விரலால் திருகினால் சத்தமில்லாமல் கழல வேண்டும். ஏழு பேரும் வாய் திறக்காமல் சிமிழ் ஒரு சுற்று வந்துவிட்டால் ஆள் உள்ளே.

சென்னிமலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருசம் முதல் சிமிழைக் கொண்டுபோனார். சங்கத்துக்குத் தலைவர் போல் இருந்த சண்முகவேல் ஆசாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கவுண்டரே, மேழியப் புடிச்ச கையில உளியப் புடிச்சிருக்கீங்க" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்து ஆளுக்கொரு குறையும் சொன்னார்கள். சென்னிமலை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் குறைகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்படியே ஆறு ஆடி போயிற்று. அவருடைய பங்காளிகள் அவருக்குச் 'சிமிழுக் கவுண்டர்' என்று பேர் வைத்தார்கள்.

அந்தக் காலத்துக் கடைசலுக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு முளைக்கு நடுவே மரத்துண்டு மாட்டியிருக்கும். அதில் சுற்றிய கயிற்றை ஒருவர் முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும், மற்றவர் உளியை வைக்க வேண்டும். மரம் உளியைப் பார்த்துச் சுற்றும்போதுதான் வெட்டு விழும். எதிர்ப்பக்கம் திரும்பும்போது உளியை ஒரு நூல் விலக்கிவிட வேண்டும். சென்னிமலை அப்போதும் அழுத்துவார். ஆறு வருசமும் கயிறு இழுத்தவள் ஆத்தாயி. உளி எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கயிற்றின் இழுப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். "வெலக்குங்க, வெலக்குங்க" என்று எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் கேட்டால்தானே!

முப்பத்தெட்டாம் வருசம் ஆடியில், அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கும்போது, எருது வெடுக்கென்று இழுத்ததில் சென்னிமலையின் வலது கட்டைவிரல் மூக்கணாங்கயிற்றில் சிக்கி வீங்கிவிட்டது. உளியைப் பிடிக்க முடியவில்லை. மனிதர் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஆத்தாயிதான் சொன்னாள். "ஏனுங்க, கயிறு இழுக்கக் கட்டவெரல் வேண்டாமுங்களே. நீங்க இழுங்க, நான் உளிய வெச்சுப் பாக்கறன்."

"வெளையாட்டா இது?"

"ஆறு வருசமாப் பாத்துட்டேதான இருக்கறன்."

முதல் துண்டு பிளந்தது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது துண்டில் சிமிழ் வந்தது. அரக்குச் சாயம் ஏற்றித் தாழை மடலால் தேய்த்ததும் முகம் பார்க்கலாம் போல் மின்னியது. ஆத்தாயி மூடியைப் பிடித்துத் தூக்கினாள். அடியும் கூடவே வந்தது. திருகினாள், கழன்றது.

அமாவாசையன்று சென்னிமலை சிமிழை வேட்டி முனையில் முடிந்துகொண்டு போனார். அதைப் பாயின் நடுவில் வைக்கும்போது அவர் மனதில் என்ன ஓடியதோ தெரியாது. ஆறு வருசத்து வழக்கத்தில், "இது என் கை வேலைங்க" என்று சொல்லிவிட்டார். சிமிழ் ஏழு கையும் சுற்றி வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சண்முகவேல் ஆசாரி மட்டும் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, சென்னிமலையின் வீங்கிய விரலையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "உக்காருங்க கவுண்டரே" என்று பாயில் இடம் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாயி ஓடிவந்து கேட்டாள். "என்னங்க சொன்னாங்க?"

"ஒருத்தரும் வாயத் தொறக்குல."

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "யாரு கடைஞ்சதுன்னு கேக்குலீங்களா?"

சென்னிமலை எருதுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். ஆத்தாயி புரிந்துகொண்டாள். சண்டை போடவில்லை, சட்டியை உருட்டவில்லை. விரல் ஆறியபின் அவர் கூப்பிட்டபோதெல்லாம் வந்து கயிற்றை இழுத்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் அழுத்தினால் அழுத்தட்டும் என்று இருந்தாள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆவணி அமாவாசைக்கு அவர் கொண்டுபோன மத்து சுமாரான மத்து. அது சுற்றி வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. தனக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார். புரட்டாசிக்கு ஒரு பம்பரம். ஆணி கோணலாக இறங்கியிருந்தது அவர் கண்ணுக்கே தெரிந்தது. அதையும் பேசாமல் கை மாற்றினார்கள். அவருக்குச் சுருக்கென்றது. ஐப்பசிக்கு வேண்டுமென்றே ஒரு கட்டில் காலைக் கொண்டுபோனார். நடுவில் விரிசல், ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. சின்னக் குழந்தை கூட வேண்டாம் என்று தள்ளிவிடும். ஏழு பேரும் வாங்கினார்கள், பார்த்தார்கள், கொடுத்தார்கள். பிறகு வாத்தியார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்தபின் சென்னிமலை காளியண்ணனைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏனுங்க, அந்தக் கட்டில் காலப் பாத்துமா ஒண்ணும் சொல்லாம இருக்கறீங்க?"

காளியண்ணன் கடைப் பலகையை மாட்டிக்கொண்டே சொன்னார். "யாரு கை வேலைன்னு தெரிஞ்சாத்தானுங்க குறை சொல்ல முடியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆறு வருசமாக அவருடைய வெட்டைத் தடவித் தடவிப் பார்த்த விரல்களுக்கு, அந்தச் சிமிழை வேறு கை கடைந்தது என்பது தொட்ட மாத்திரத்தில் தெரிந்திருந்தது. பொய் சொன்னவரின் பொருளுக்குக் குறை சொல்வதில்லை என்று இருந்துவிட்டார்கள். இது தெரிந்த அந்த மாதம் முழுவதும் சென்னிமலை பட்ட அவமானத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. பட வேண்டியதுதான்.

கார்த்திகை அமாவாசையன்று பொருள் எதுவும் வைப்பதற்கு முன்பே அவர் எழுந்து நின்றார். "ஆடிக்கு வெச்ச சிமிழு எங்கூட்டு ஆத்தாயி கடைஞ்சதுங்க. நான் கயிறு இழுத்தனுங்க. பொய் சொல்லிப் போட்டன்."

சண்முகவேல் ஆசாரி தலையை ஆட்டினார். "அப்பச் சங்கத்துல சேந்தது அவுங்கதானுங்க. பாயி அவுங்களுக்கு."

சென்னிமலை பாயிலிருந்து இறங்கி ஓரத்தில் கிடந்த மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து நடந்ததை மாற்றாமல் சொன்னார். ஆத்தாயி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, "நாலு மாசம் ஆச்சுங்களா இதச் சொல்ல?" என்றாள். அப்புறம், "நான் கடைவீதியில போயி ஆம்பளைங்க நடுவுல உக்கார மாட்டனுங்க. வேணும்னா அவுங்க இங்க வரட்டும்" என்றாள்.

வந்தார்கள். மார்கழி அமாவாசைக்கு ஏழு பேரும் இரண்டு மைல் நடந்து தோட்டத்துக்கு வந்து களத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆத்தாயி எட்டாவதாக உட்கார்ந்தாள். சென்னிமலை எல்லோருக்கும் மோர் கொடுத்துவிட்டு, தன் களத்திலேயே ஓரமாக நின்றார். பொருள்கள் அவரைத் தாண்டிக் கை மாறிக்கொண்டிருந்தன. அவருக்கு வயிறு எரிந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்ததை அவரே பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார். சண்முகவேல் ஆசாரியின் சிமிழ் ஆத்தாயியின் கைக்கு வந்தபோது அவள் அதைத் திருகிப் பார்த்து, "மூடி கொஞ்சம் இறுக்கமுங்க" என்றாள். ஆசாரி வாங்கித் தானும் திருகிப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

அடுத்த ஆடிக்குச் சென்னிமலை தானே கடைந்த சிமிழை வட்டத்தின் நடுவில் வைத்து, தன் கை வேலை என்று சொன்னார். அது ஒவ்வொரு கையாக வந்தது. முதல் குறையைச் சொன்னவள் ஆத்தாயி. அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, சிமிழை எடுத்துப் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.