முந்தானை மறைத்த பூ

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே பட்டுப்புடவைக்கு மாறிக்கொண்டு, மீஞ்சூர் போக ரயில் ஏறினேன். என் ரவிக்கைக்கு ஆரி வேலை போட்டவளும் தங்கைதான்.

ஏறும் அவசரத்தில் கைப்பையின் கொக்கி ரவிக்கையின் வலது கையில் இருந்த சின்னப் பூவில் மாட்டி, ஜரிகை நூல் வெளியே நீட்டிக்கொண்டது. அறுத்துவிடலாம் என்று இழுத்தேன். சங்கிலித் தையல் ஆயிற்றே, இதழ் இதழாகப் பிரிந்து வந்துவிட்டது. கையில் நைந்த நூல்தான் மிச்சம். எனக்கு அழுகை முட்டியது.

எதிரே பட்டுப்புடவையில் இருந்த பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழாதீங்கக்கா, போட்டுக்கலாம்" என்று பையிலிருந்து ஊசியையும் சின்னக் கத்தரியையும் எடுத்தாள். பிறகு தன் ரவிக்கையின் இடது கையில் இருந்த ஜரிகைப் பூவின் முடிச்சை வெட்டி, நூலை மெதுவாக இழுத்தாள். அதுவும் இதழ் இதழாகப் பிரிந்தது.

"இன்னாமா பண்ற?"

"இடது கைதானேக்கா. முந்தானைய விரிச்சி வுட்டா தெரியாது."

ஆடும் ரயிலில், ஊசி என் தோலில் ஒருமுறைகூடப் படாமல், பழைய துளைகளிலேயே பூவைத் திரும்பக் கொண்டுவந்தாள். நான் கையை ஆட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தேன்.

பொன்னேரியில் இறங்க எழுந்தவளிடம், "உனக்கு இன்னா விசேஷம்?" என்று கேட்டேன்.

"என்னப் பொண்ணு பாக்க வராங்கக்கா." முந்தானையை இடது கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

மண்டபத்தில் எல்லோரும் என் ரவிக்கையைப் பாராட்டினார்கள். எனக்கோ, பொன்னேரியில் ஏதோ ஒரு வீட்டில் காபித் தட்டை நீட்டும்போது அந்த முந்தானை நழுவாமல் இருக்க வேண்டுமே என்றிருந்தது.