வீட்டில் படித்துக்கொள்ளும் பாடம்

பதினாறு வருடமாக ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் மகரந்தச் சேர்க்கையை மூன்று நாள் இழுப்பேன். பூவுக்கு வெட்கம் கிடையாது. மனித உடல் வரும் பக்கத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “இது ஈஸிதான், வீட்ல படிச்சுக்கங்க” என்று புத்தகத்தை மூடிவிடுவேன். பின்பெஞ்சில் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும், மேசையைத் தட்டுவேன்.

அப்பேர்ப்பட்டவனுக்கு விதையில் கட்டி வந்தது. பாடப்புத்தகத்தில் விந்தகம் என்று போட்டிருப்பார்கள். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். பட்டாணியாக இருந்தது எலுமிச்சை அளவான பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதுகொண்டே திட்டினாள்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு சர்ச்சில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எதை எழுதுவது? மனைவி பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, ‘வயிற்றில் கட்டி’ என்று எழுதினாள். போதகர் என் வயிற்றுக்காக மனமுருகி ஜெபித்தார். சபையே ஆமென் சொன்னது. பக்கத்தில் கண்ணை மூடியிருந்த மகனும் வயிறு என்றுதான் நம்பினான். பிறகு எங்கள் திருநகர் வீட்டுக்குச் சபை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். “காரத்தத் தொடாதீங்கண்ணே. இம்புட்டு நாளா ஹோட்டல்ல தின்னதுதான் கட்டியாயிருச்சு” என்று கஞ்சியும் மோரும் தந்தார்கள். கொடுத்ததையெல்லாம் குடித்தேன். இடம் மாறிப் போன ஜெபத்தைக் கர்த்தர் சரியான இடத்தில் சேர்ப்பாரா என்று எனக்கு உண்மையாகவே குழப்பமாக இருந்தது. இன்றும் அது தெளியவில்லை.

விதையை எடுத்துவிட்டார்கள். புற்றுதான். கட்டியின் ஒரு துண்டைக் கூடுதல் சோதனைக்கு அனுப்பலாமா என்று டாக்டரம்மா கேட்டார், கையெழுத்துப் போட்டேன். சில வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில், வளர்ச்சிக் காரணி ஏற்பியின் மரபணுவில் மாற்றம் என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் நான் கரும்பலகையில் எழுதியதுதான். சேர்த்துப் படித்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மரபணு என்றால் பிள்ளைக்குப் போகுமே. எனக்கு ஒரே மகன். பத்தாவது. என் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “செல்லு மேல காலிங் பெல் மாதிரி ஒண்ணு இருக்கு சார். வெளியருந்து வந்து அமுக்குனாத்தான் செல்லு பெருகணும். உங்க கட்டியில சுவிட்சு அமுங்குனபடியே சிக்கிக்கிச்சு. யாரும் வராமலே அடிச்சுக்கிட்டு இருக்கு.”

“பையனுக்குப் போகுமாம்மா?”

“போகாது. அது கட்டிக்குள்ள உண்டான மாற்றம். உங்க பிறவியிலயே இருந்தது இல்ல.”

போன உயிர் திரும்பி வந்தது. எழுந்துவிட்டேன்.

“ஆனா பையன மாசம் ஒருதடவ குளிக்கும்போது தடவிப் பாத்துக்கச் சொல்லுங்க. கட்டியோ வீக்கமோ தெரிஞ்சா உடனே வரணும்.”

“இப்பத்தான போகாதுன்னீங்க?”

“அது வேற, இது வேற சார். அப்பாவுக்கு வந்திருந்தா மகனுக்கு வர்ற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

குழப்பிக்கொண்டேதான் பஸ் ஏறினேன். போகாது, ஆனால் வரலாம். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்ற நேரமெல்லாம் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. எனக்கு வந்த வெட்கம் அவனுக்கும் வந்து, அவனும் எட்டு மாதம் மறைத்தால் என்ன ஆவது? பயமாக இருந்தது.

சாயங்காலம் டியூஷன் முடிந்து வந்தவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அறிவியல் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். தொண்டையைச் செருமினேன்.

“இத நீயே ஒருதடவ படிச்சுப் பாரு தம்பி” என்று எழுந்தேன்.

அவன் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தான்.

“கிளாஸ்ல கேட்டா வீட்ல படிச்சுக்கன்னு சொன்னீங்க. இப்ப வீட்லதான்ப்பா இருக்கோம்.”

மறுபடி உட்கார்ந்தேன். சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது, அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணுனது வயித்துல இல்ல” என்று ஆரம்பித்தேன்.