நான்கு அபிடவிட்டும் ஒரு காலிக் கட்டமும்

பிள்ளைகளா, உங்கள் அப்பன் பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா, படித்தது பத்தாவது. ஆனாலும் எனக்குச் சட்டம் தெரியும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

பருத்திப்பட்டிலிருந்து ஒரு பெண் எங்கள் சீனியர் வக்கீலைத் தேடி வந்தாள். ஆவடி சர்ச்சில் கல்யாணம் ஆனவள். புருஷன் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை, வேலையும் பிரான்சில். கல்யாணத்தை அந்த நாட்டுப் பதிவேட்டில் ஏற்றினால்தான் அவள் அவரிடம் போக முடியும். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். வயிறு பெரிதாகிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

சிக்கல், அதற்கு அவர்கள் கேட்ட அவளுடைய பிறப்புச் சான்றிதழ். ‘பெண் குழந்தை’ என்று இருந்தது, பெயர்க் கட்டம் காலி. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிட்டு, அப்புறம் யாரும் போய்ச் சேர்க்கவில்லை.

“இது ஒரு மேட்டரே இல்லம்மா. ஒரு அபிடவிட் போட்டா முடிஞ்சிது” என்றேன்.

சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் அந்தப் பத்திரம்தான் என் கைமருந்து. இனிஷியல் மாறினாலும் அதுதான், ரேஷன் கார்டு தொலைந்தாலும் அதுதான். அவள் பெயரில் ஒன்று அடித்தேன். நோட்டரி சீல் வைத்தார். பிரெஞ்சுத் தூதரகத்துக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பலம் போதவில்லை என்று அவள் அம்மா பெயரில் ஒன்று, மாமா பெயரில் ஒன்று. நான்காவதில் ஆறு இடத்தில் சீல். அதுவும் திரும்பி வந்தது.

“அண்ணா, நீங்க சீல் குத்தினு கீறீங்க, உள்ள புள்ள என்னை ஒதச்சினு கீது” என்றாள் அவள்.

சீனியர் நாலையும் புரட்டிப் பார்த்தார்.

“யோவ், நம்ம சட்டம் ஆளை நம்பும். கூண்டுல ஏத்தி, சத்தியம் வாங்கி, கேள்வி கேக்கும். அவங்க சட்டம் ரிஜிஸ்டரை நம்பும். அதுல இல்லாத பேருக்கு நீ நாப்பது சீல் வச்சாலும் வேலைக்கு ஆவாது. மொதல்ல ரிஜிஸ்டரைத் திருத்துய்யா!”

ஞானஸ்நானச் சான்றும் பள்ளிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு, அவளோடு பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு அலைந்தேன். ஒரு வழியாகப் பெயர் ஏறியது. புதுச் சான்றிதழ் கையில் வந்த சந்தோஷத்தில் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

“பாரின் போற பேப்பராச்சே அண்ணாத்தே, லேமினேட் பண்லாமா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“எனக்குத் தெரியாத சட்டமா? பண்ணு மாமே.”

வெளிநாடு போகும் சான்றிதழின் பின்பக்கம் நம் அரசாங்கம் ஒரு முத்திரை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் மேல் எப்படி வைப்பார்கள்? மறுநாளே திருப்பிவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை.

“அண்ணா, இதுக்கும் ஒரு அபிடவிட் போட்டுடலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி வேறொரு பிரதி வாங்கி, அதை என் கையிலேயே கொடுக்காமல் சீனியர் அனுப்பினார். கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியது; ஏழாம் மாதம் அவள் விமானம் ஏறினாள்.

அங்கே பெண் குழந்தை பிறந்ததும் போனில் படம் அனுப்பினாள். குழந்தை படமல்ல, பிறப்புப் பதிவின் படம். பிறந்த மூன்றாம் நாளே பெயரோடு பதிந்தாயிற்றாம்.

அப்போதுதான் நம் வீட்டு பீரோவைத் திறந்து பார்க்கத் தோன்றியது. பெரியவளே, உன் சான்றிதழில் பெயர் இருக்கிறது. சின்னவனே, உன் கட்டம் காலி. போதாததற்கு அதைப் பளபளவென்று லேமினேட் வேறு செய்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நீயும் நானும் பதிவு அலுவலகம் போகிறோம். உன் பள்ளிச் சான்றிதழை எடுத்து வை. அதை என்னிடம் கொடுக்காதே, நீயே வைத்துக்கொள்.