மேட்டுக்கு மட்டும் இறங்கியவர்

அஞ்சலைதான் போன் செய்தாள். எப்போதும் எடுத்ததும் விஷயத்துக்கு வருகிறவள், அன்று "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டு நின்றுவிட்டாள். பின்னால் ஏதோ டவுன்பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓய்ந்த பிறகு, "சிஸ்டர் போயிட்டாங்க" என்றாள்.

வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் ராணி சிஸ்டர். மருமகளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செஞ்சியில் அவருடைய வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். மாலையோடு உள்ளே நுழையும்போதே ஒரு குரல் காதில் விழுந்தது. "ரிட்டையர் ஆன பொம்பளைக்கு சைக்கிள் இன்னாத்துக்கு? அதான் ஆள வாங்கிக்கினு போயிடுச்சி." சொன்னவர் சிஸ்டரின் சொந்தத் தம்பி ஏழுமலை. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிணம் கிடக்கும் வீட்டில் வாக்குவாதம் செய்யக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களும், அவரோடு பெடல் மிதித்தவர்களும், அவரைப் பைத்தியம் என்றவர்களும் இதைப் படிப்பீர்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: ராணி சிஸ்டரைச் சைக்கிள் கொல்லவில்லை.

அவர் இதயத்தில் கோளாறு இருந்தது உண்மை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மருத்துவர் அவரிடம், "மெதுவா மிதிங்க, மேடு வந்தா இறங்கித் தள்ளுங்க" என்றுதான் சொல்லியிருந்தார். வாழ்நாளில் சிஸ்டர் அப்படியே கேட்டு நடந்த அறிவுரை அது ஒன்றாகத்தான் இருக்கும். சிங்கவரம் பக்கம் மலையை ஒட்டிய ஏற்றம் வந்தால் கூச்சமே படாமல் இறங்கிவிடுவார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேர்க்கடலைக் காட்டில் வேலை செய்பவர்களிடம் விலை விசாரித்தபடியே தள்ளிக்கொண்டு வருவார்.

பணிக்காலம் முழுவதும் அவர் கிராம செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஏரிக்கரையும் வாய்க்கால் கரையுமாகச் சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போனவர். ஓய்வு பெற்ற பிறகும் கடைக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு எல்லாம் அதே சைக்கிள்தான். ஒரு நாள் திண்டிவனம் சாலையில் உரசுகிற மாதிரி போன லாரியின் காற்றே அவரைப் பள்ளத்தில் தள்ளியது. முழங்கை உடைந்தது. மகன் பிரபு பயந்துபோய்ச் சைக்கிளைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் பூட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா மேல் பாசம் உள்ள எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்வான்.

கட்டுப் பிரித்த மறுநாள், சிஸ்டர் வெல்டிங் பட்டறையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து சங்கிலியை அறுத்தார். மகன் சத்தம் போட்டபோது அவர் சொன்னதை அந்தத் தெருவே கேட்டது. "ரோட்ட அவனுங்க எடுத்துக்கிட்டானுங்க. சரி, வச்சிக்கட்டும். ஆறு இருக்குதுல்ல? ஏரி இருக்குதுல்ல? லாரி வராத வழி நூறு எனக்குத் தெரியும்டா."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் அப்படித் தொடங்கியவைதான். முதலில் சிஸ்டரும் நானும். பிறகு லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் அஞ்சலை. அடுத்து ஒரு தையல்காரர், ஒரு வங்கி ஊழியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் இருவர். எல்லோரும் பெண்கள். சங்கராபரணி ஆற்றங்கரையோடு அனந்தபுரம் பக்கம் ஒரு வாரம் போவோம். இன்னொரு வாரம் ஏரிக்கரைகளைப் பிடித்து மேல்சித்தாமூர். ஆற்றில் பெரும்பாலான மாதம் மணலும் கருவேலமுள்ளும்தான். இருந்தாலும் அந்தக் கரையில் ஹாரன் சத்தம் கிடையாது. பின்னால் என்ன வருகிறது என்று தோள் கூசாமல் சைக்கிள் மிதிப்பது எப்படி இருக்கும் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் நான் தெரிந்துகொண்டேன். மழைக்குப் பிறகு ஒருமுறை கணுக்கால் அளவு தண்ணீரில் எல்லோரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்தோம். நடு ஆற்றில் நின்று சிஸ்டர் சிரித்த சிரிப்புக்கு அக்கரையில் மேய்ந்த ஆடுகள் மிரண்டன.

இனி வேறோர் ஊரின் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாய்க்கால் கரை முடிகிற இடத்தில் ஒரு தெரு வழியாகப் போனால்தான் மறுபடி ஆற்றங்கரையைப் பிடிக்க முடியும். சிஸ்டர் பிறந்த தெரு அது. அந்த ஊரின் காலனியில் பிறந்தவள் அஞ்சலை. அவளுடைய அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஒரு ஞாயிறு அந்த வழியாகப் போனபோது தெருமுனையில் நான்கைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் ஏழுமலை.

"அக்கா, நீ போ. உன்ன யாரு தடுத்தா? இவங்கல்லாம்கூட போவட்டும். அந்தப் பொண்ணு மட்டும் எறங்கித் தள்ளிக்கினு வரட்டும்."

"ஏன்டா, அவ டயர்ல மட்டும் காத்து இல்லியா?"

"உனக்குத் தெரியாதாக்கா? இந்தத் தெருவுல வழக்கம் இன்னான்னு."

"இது நம்ம நைனா போட்ட தெருவாடா ஏழுமல? பஞ்சாயத்து போட்டது."

பேச்சு தடித்தது. நான் இடையில் புகுந்தேன். "சிஸ்டர், நாம எல்லாருமே இறங்கித் தள்ளிடலாம். அப்ப வித்தியாசம் இருக்காதுல்ல" என்றேன். அது நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் எறங்குனா அவனுங்களுக்கு இன்னும் சந்தோஷம் டீச்சர். நான் மேட்டுக்கு எறங்குவேன். மனுசனுக்கு எறங்க மாட்டேன்."

அதோடு அவர் பெடலை அழுத்திப் போயிருந்தால் இதை வெறும் வீரக்கதையாக எழுதியிருப்பேன். அவர் போகவில்லை. அஞ்சலை பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லும்மா. நாங்க பூடுவோம். இங்க இருக்கப்போறது உங்கம்மா. போலாமா, திரும்பிடலாமா? நீ எத்த சொன்னாலும் சரி" என்றார்.

அஞ்சலை ஹேண்டில்பாரைத் தெருவின் பக்கம் திருப்பினாள். "போலாம் சிஸ்டர். நான் முன்னாடி போறேன்."

அவள் பெல்லை அடித்துக்கொண்டே கிளம்பினாள். ஒருவன் அவள் கேரியரைப் பிடிக்கக் கை நீட்டினான். சிஸ்டர் தன் சைக்கிளை இடையில் விட்டார். அவன் கையை இழுத்துக்கொண்டான். தெருவின் இரு பக்கமும் வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நீளமான தெருவொன்றுமில்லை. ஆனாலும் மறுமுனை வரும்வரை அஞ்சலை பெல் அடிப்பதை நிறுத்தவில்லை.

விலை கொடுக்காமல் முடியவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அஞ்சலையின் அம்மாவை அந்த ஊரில் யாரும் கடலை பிடுங்கக் கூப்பிடவில்லை. நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் சொன்னோம். "வேலை பக்கத்து ஊர்லயும் இருக்குது. என் பொண்ணு பெல்லடிச்சிக்கினு அந்தத் தெருவுல வந்தா பாரு, அத்த எந்த ஊர்ல போயி பாக்குறது?" என்று அவர் எங்களையே தேற்றி அனுப்பினார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். சாட்சியாக முதலில் கையெழுத்திட்டவர் சிஸ்டர், தம்பிக்கு எதிராகவே. அன்றோடு அவருக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது. தம்பி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. அந்தக் கல்யாணத்தன்று மட்டும் அவர் எங்களுக்குப் பின்னால் தனியாக மிதித்து வந்ததைப் பார்த்தேன்.

ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசக் கூப்பிட்டார்கள். "வேற வழியா போனா இன்னா கொறஞ்சிடும் நர்சம்மா?" என்று கேட்டார்கள். "வேற வழி எனக்கும் தெரியும். நூறு தெரியும். எப்பவும் அவதான் சுத்திக்கினு போவணும்னா, அது ஏன்? அத்த சொல்லுங்க" என்றார். அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு தவறாமல் அந்தத் தெரு வழியாகப் போனோம். புகாருக்குப் பயந்து மறிப்பதை விட்டார்கள். பிறகு முறைப்பதையும் விட்டார்கள். போன தைமாதம் காலனிப் பிள்ளைகள் சைக்கிளில் அந்தத் தெருவில் வேகமாகப் போவதைப் பார்த்தேன். "அவங்க மனசு மாறிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டேன். "மனசு எனக்குத் தெரியாது டீச்சர். நான் எக்ஸ்ரே எடுத்ததில்ல. தெரு மாறிடுச்சி, பாத்துக்கோ."

சிஸ்டர் இறந்த அன்று, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு ஏழுமலை வந்திருந்தார். அதை அக்கா மேல் போர்த்தும்போது வாய்விட்டு அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் சவ வண்டி புறப்பட்டு, நாங்கள் சைக்கிள்களோடு பின்னால் நின்றபோது, அவரே திரும்பி வந்து கை நீட்டி மறித்தார்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற பழக்கம் இல்ல. முனையோட நின்னுக்குங்க."

அஞ்சலைதான் பதில் சொன்னாள். "நாங்க சுடுகாட்டுக்கு வரலண்ணே. சிஸ்டர்கூட வர்றோம்."

மகன் பிரபு கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றிருந்தான். திரும்பிப் பார்த்து, "வரட்டும் மாமா. அம்மாவோட ஆளுங்க" என்றான். ஏழுமலை கையை இறக்கினார். அது சம்மதமா, சலிப்பா, எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் நிற்கவும் இல்லை. பறை முழங்க, வண்டிக்குப் பின்னால், நடையை விட மெதுவாக மிதித்துக்கொண்டு ஆற்றங்கரைச் சுடுகாடுவரை போனோம். யாரும் காலைத் தரையில் ஊன்றவில்லை. கடைத்தெருவில் பஸ்களும் லாரிகளும் நின்று எங்களுக்கு வழி விட்டன. செஞ்சியில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

சிஸ்டருடைய சைக்கிளை அஞ்சலையின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டான் பிரபு. அவர் இப்போது ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கென்று சிஸ்டருடைய பொருள் எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே கிளம்பும்போதெல்லாம், "போகட்டுமா?" என்று கேட்டுவிட்டு, யாராவது தலையாட்டும்வரை செருப்பை மாட்டாமல் நின்று பழகியவள் நான். சிஸ்டரோடு சுற்றிய ஆண்டுகளில், எந்த ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாமலே, அந்தக் கேள்வி என் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. இந்த ஞாயிறும் விடியும்போது வாசலில் நின்று, உள்ளே பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.