வசந்தாவின் காலில் மின்னியது

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். நடை, காபி, இரண்டு இட்லி. ஒன்பது மணிக்கு கிளினிக் திறந்தேன். உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் தோல் டாக்டருக்கு மார்ச் மாதம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே... வெடிப்பு, அரிப்பு, மறுபடியும் வெடிப்பு.

மாலையில் கடைசியாக வசந்தா வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். வேலை முடிந்த கையோடு கணவர் ஏழுமலையையும் அழைத்து வந்திருந்தார். கெண்டைக்காலில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மேடு. சொரசொரப்பாக இருந்தது.

“பக்கத்து வூட்டுக்காரி கேன்சருன்னு சொல்றா டாக்டர். கால எடுத்துடுவாங்களாம்.”

“அவ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சா?” என்றார் ஏழுமலை.

“நீ சும்மா இருய்யா. உன் காலா போவுது?”

டெர்மோஸ்கோப்பை எடுத்தேன். விளக்கும் லென்ஸும் சேர்ந்த சின்னக் கருவி. தோலுக்குச் சற்றுக் கீழே இருப்பதையும் பெரிதாக்கிக் காட்டும். கறுப்பின் மேல் வெள்ளையாகக் கீற்றுகள் பளிச்சென்று மின்னின. எனக்குப் பிடிக்காத மின்னல் — சில கெட்ட கட்டிகளில் அப்படித் தெரியும்.

நாள் முழுக்கச் சேர்ந்த அலுப்பு. வாய் முந்திக்கொண்டது.

“பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்மா.”

ஏழுமலை எழுந்து வெளியே போனார். வானூரில் இருக்கும் மகளிடம் அவர் போனில் பேசுவது உள்ளே கேட்டது. வசந்தா அழவில்லை. காலைத் தடவிக்கொண்டே இருந்தார். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது.

உப்பு!

“கால் கழுவிட்டு வந்தீங்களா?”

“கழுவாம வருவேனா? அளத்துத் தண்ணியிலதான் கழுவினேன்.”

வெந்நீரும் சோப்பும் வரவழைத்தேன். இடுக்குகளில் காய்ந்திருந்த உப்பு போனது. மறுபடி பார்த்தேன். மின்னல் இல்லை. கருஞ்சிவப்பும் ஊதாவுமாகக் குட்டிக் குட்டிக் குளங்கள், நடுவே வெளிறிய கோடுகள். ரத்தக் குழாய்கள் விரிந்து உண்டான சாதாரண மேடு. உள்ளே ரத்தம் உறைந்ததால் கறுப்பு. கேன்சர் இல்லை.

கருவி வழியாகவே ஒரு படம் எடுத்து, ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பாத்தி கட்டின மாதிரி இருக்குதுங்க.”

“அவ்வளவுதாங்க. ஒண்ணும் பண்ணாது. மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடுவுல பெருசானாலோ ரத்தம் வந்தாலோ உடனே வாங்க.”

“இப்பதான் பாண்டிக்குப் போவணும்னீங்க. அதுக்குள்ள ஒண்ணுமில்லைங்கிறீங்க. எதைத்தான் நம்புறது?” என்றார் வசந்தா.

நியாயமான கேள்வி. கெட்ட செய்தியை ஒரு தடவை சொன்னால் போதும், நம்பிவிடுகிறோம். நல்ல செய்திக்கு மட்டும் ஏன் சாட்சி கேட்கிறோம்? உப்பு செய்த வேலையை விளக்கினேன். இருவரும் தலையாட்டாமலே போனார்கள்.

மறுநாள் காலை, காபிக்கும் முன்னால், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாண்டி பஸ் ஏறிவிட்டார்களோ என்ற கவலை. இல்லை — வசந்தா பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

“என்ன டாக்டர்... மறுபடியும் மாத்திட்டீங்களா?”

இல்லைம்மா, இல்லைம்மா என்று வரப்பிலிருந்தே கத்தினேன்.