தலைவர் வீட்டு போர்வெல்

அரசியல்வாதிக்குக் கார் ஓட்டுகிறவனுக்குக் கண் இருந்தால் போதும், காது இருக்கக் கூடாது. எனக்கோ சுரங்கத்து வெடிச் சத்தத்திலும் கெடாத காது. பின் சீட்டில் ஒரு தலைவரை உட்காரவைத்து ஓட்டும் அண்ணன்மார்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

என் தலைவர் பெயர் தனபால். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். அவன் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் பெல் அடிக்கிறவன். ஆள் ஏற்றி இறக்கும் கூண்டான கேஜில் ஆட்கள் ஏறியதும் கீழேயிருந்து மூன்று பெல் வரும். பதிலுக்கு அவன் மூன்று அடித்தால்தான் கேஜ் மேலே கிளம்பும். சுரங்கத்தை மூடினார்கள். அவன் கவுன்சிலர் ஆனான், நான் அவனுக்கு டிரைவர் ஆனேன். நேரில் 'தலைவரே' என்பேன். எழுதும்போதாவது 'அவன்' என்று எழுதிக்கொள்கிறேன்.

சிபாரிசு

தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் போய்வரும் ஒரு இன்ஜினியர், உள்ளூரில் வேலைக்கு சிபாரிசு கேட்டு வந்தார். தனபால் அவரைக் காரில் ஏற்றி, பாலகாட்டில் புதிதாகக் கட்டிய தன் மூன்று மாடி வீட்டைக் காட்டினான். அவன் அப்பா அதே பாலகாட் சுரங்கத்தில் பாறை வெடித்து உள்ளே மாட்டிக்கொண்டவர். உடம்புகூட மேலே வரவில்லை.

"வேலை எதுக்குப்பா? கட்சியில சேரு," என்றான். "எங்கப்பா தங்கத்தத் தேடி காலமெல்லாம் கீழ போனாரு. அது மேலதான் கீது."

சர்ச் வாசல்

ஊரிகத்தில் நான் பிறந்த, சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டுக்கு இன்னும் பட்டா இல்லை. பக்கத்து வரிசையை இடித்தாயிற்று. ஒவ்வொரு தேர்தலிலும் தனபால் மைக்கில் இரண்டே விஷயம் சொல்வான்: சுரங்கத்தைத் திறப்பேன், உங்களுக்கு வீடு தருவேன்.

இந்த முறை சர்ச் வாசலில் ஓட்டு கேட்க நின்றவனை என் மனைவி பிடித்துக்கொண்டாள். "தனபாலண்ணா, எங்க பட்டா இன்னா ஆச்சு?"

"மொதல்ல மைன்ஸ் தெறக்கட்டும்மா. எல்லாம் தானா வரும்."

"தெறந்தா மொதல்ல உங்கப்பாதான் வருவாரு. அவருக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?"

திருச்செங்கோட்டு வண்டி

புது வீட்டில் தண்ணீர் இல்லை. போர் போட திருச்செங்கோட்டிலிருந்து வண்டி வந்தது. நல்ல மத்தியான வெயில். பாறையைக் குடைந்துகொண்டிருந்த ராடு திடீரென்று பிடிமானம் இல்லாமல் உள்ளே விழுந்தது. பழைய சுரங்கப் பாதை, ஏதோ ஒரு லெவலில் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. குழியிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வெடிமருந்தும் ஈரக் கட்டையும் கலந்த வாசனை. ஷிப்ட் முடிந்து மேலே வரும்போது எங்கள் சட்டையில் இருந்த அதே வாசனை.

வண்டிக்காரர் இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதியில் இரும்புக் குழாயில் கீழேயிருந்து தட்டும் சத்தம். மூன்று.

நான் வாய் திறப்பதற்குள் தனபால் ஸ்பேனரை எடுத்துக் குழாயில் மூன்று தட்டிவிட்டான். அவன் யோசித்துத் தட்டவில்லை. கை பழக்கம். தட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது.

வண்டிக்காரருக்குக் கோபம். "கீழ ஆளுங்க வேலை செய்யறாங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

சாவி

குழிக்கு இரும்பு மூடி போட்டுவிட்டு, தனபால் அன்று சாயங்காலமே குடும்பத்தோடு பெங்களூருக்குக் கிளம்பினான். அங்கே தன் பிளாட் வாசலில் இறங்கியவன் பாலகாட் வீட்டுச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினான்.

"வீடு, வீடுன்னு கேட்டியே. உங்க லைனை அடுத்து இடிக்கப் போறாங்க. அங்கயே போயி இருந்துக்கோ," என்றான். கார் கதவைச் சாத்தப் போனவன் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "யாரு வந்து கேட்டாலும் நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடுடா."

மைக்கில் சொன்ன இரண்டையும் தனபால் செய்து முடித்துவிட்டான், சுரங்கமும் திறந்துவிட்டது, எனக்கும் வீடு கிடைத்துவிட்டது. மூடிக்குக் கீழே மூன்று தட்டு கேட்கும்போதெல்லாம் பதிலுக்குத் தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இப்போது என் வேலை.