பின்பக்கம் கேட்ட தட்டு

எனக்குப் பேய், ஆவி என்று எதிலும் நம்பிக்கை கிடையாது. அரசுப் பேருந்துகளில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அலுவலர் வேலை எனக்கு, நம்பிக்கை இருக்கவும் கூடாது. பேருந்தை வயலில் இறக்கிய ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் என் முன்னால் நின்று, "புளியமரத்துக்கிட்ட வெள்ளையா ஒண்ணு குறுக்க வந்துச்சு சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். "அது இருக்கட்டும், முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?" என்று கேட்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்ட நானே இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினொரு வருடம் தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகிற பேருந்துக்கு ஓட்டுநராக இருந்தேன். நடத்துநர் கலீல் பாய், சீர்காழிக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டிரைவரே'தான். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியை எனக்கென்று தனியாக ஒரு தூக்கில் வாங்கி வைத்திருப்பார். அறுவடை சமயத்தில் ஜன்னல் வழியே புது வைக்கோல் வாசனை வந்தால், டிக்கெட் கிழிப்பதை நிறுத்தி ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவார். பின்னால் ஏறிய பெண்கள், "பாய்க்கு இன்னிக்கு சாப்பாடு காத்துலயே முடிஞ்சிருச்சு" என்று கிண்டல் செய்வார்கள்.

பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது நடத்துநர் இறங்கிப் பின்பக்கம் நிற்க வேண்டும் என்பது விதி. மழை கொட்டினாலும் பாய் இறங்கி நிற்பார். உள்ளங்கையால் தகரத்தில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினால் வரலாம். மோதிரக் கையால் 'டங்' என்று ஒரே தட்டு, கூடவே "ஓல்டான்" என்ற குரல் வந்தால் நிறுத்த வேண்டும். அந்தத் தட்டை நம்பி, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்திருக்கிறேன். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் நானே மெமோ கொடுப்பேன்.

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில், பேருந்து திரும்புகிற இடத்துக்குச் சோதனைக்குப் போயிருந்தேன். பக்கத்திலேயே நெல் கொள்முதல் நிலையம். மூட்டை ஏற்ற வந்த லாரிக்கு வழி விடாமல் எங்கள் பேருந்து நின்றது. ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார், நடத்துநர் தள்ளியிருந்த டீக்கடையில் இருந்தார், லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். பழைய டிரைவர் என்கிற திமிர், சாவியும் வண்டியிலேயே இருந்தது, நானே ஏறி ரிவர்ஸ் போட்டேன். பின்னால் ஆள் இல்லாமல் எடுக்காதீர்கள் என்று டிப்போ டிப்போவாக வகுப்பு எடுக்கிறவன் நான்.

வண்டி நகர்ந்ததும் பின்பக்கம் மெதுவாக இரண்டு தட்டு கேட்டது. நம்பினால் நம்புங்கள், எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. பதினொரு வருடப் பழக்கம், கால் தானாக வேலை செய்தது. பத்தடி போயிருப்பேன், 'டங்' என்று ஒரு தட்டு. "ஓல்டான்." பிரேக்கை மிதித்த பிறகுதான், பாய் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது என்பதே ஞாபகம் வந்தது.

இறங்கி ஓடினேன். பின் சக்கரத்தை ஒட்டி ஓர் அம்மா குந்தியிருந்தார். பேருந்தின் நிழலில், மண்ணில் சிந்தின நெல்லைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தவர். முறம் சக்கரத்துக்கடியில் நொறுங்கிக் கிடந்தது. அவர் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"இங்க நின்னு தட்டுனது யாரும்மா?"

"யாரும் நிக்கலயே. எனக்குக் காது வேற மந்தம்யா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அப்புறம் இங்க நெல்லு கூட்ட விடமாட்டாங்க."

நானும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போய்விடும். மறுநாள் தனியாகப் போய், புது முறம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை சீர்காழிக்குப் போனேன். பாய்க்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வலது கை அசையாது, பேச்சும் குழறும். அதுவரை போய்ப் பார்க்காதது என் தப்புதான். கதவைத் திறந்த மருமகள், "வாங்க, உங்களுக்கு போன் பண்ணணும்னே இருந்தேன்" என்றார். "செவ்வாக்கிழம மத்தியானம் மாமாவோட வலது கை கட்டில் சட்டத்தத் தட்டுச்சுங்க. மெதுவா ரெண்டு தட்டு, அப்புறம் ஓங்கி ஒண்ணு. நரம்பு இழுத்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அதுக்கப்புறம் அசையவே இல்ல."

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வலது கை போர்வைமேல் கிடந்தது. விரலில் மோதிரம் இல்லை, கை வீங்கியபோதே கழற்றிவிட்டார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பேச்சு குழறியது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"டிரைவரே, அந்தம்மாவுக்கு முறம் வாங்கிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன் பாய்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ரைட்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த முறத்தைப் பற்றி நானாக வாய்திறந்து சொல்வது இப்போது உங்களிடம்தான், முதல் தடவையாக.